வீட்டுச் சட்டியிலிருந்து குழந்தையின் கிண்ணத்துக்கு: ஆறு மாதம் முதல் உணவு பழக்கும் முறை

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்பவர்களிடம், இன்று உங்கள் வீட்டில் என்ன சமையல் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பது வழக்கம். ஓர் அடுப்பில் பருப்பும் பூசணிக்காயும் வெந்துகொண்டிருக்க, பக்கத்து அடுப்பில் குழந்தைக்கென்று தனியாக ஒரு மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சும் பழக்கம் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. அந்தக் கஞ்சியில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் ஒரே கஞ்சி காலையும் மாலையும் நான்கைந்து மாதம் தொடர்ந்தால் குழந்தையின் நாக்கு அந்த ஒரே சுவையிலும் அந்த ஒரே வழவழப்பிலும் நின்றுவிடுகிறது. பிறகு ஒரு வயதில் திடீரென்று சாம்பார் சாதத்தை நீட்டினால் துப்புகிறது. எல்லோருக்கும் வேகிற சட்டியிலிருந்தே, உரிய கட்டத்தில், உரிய பக்குவத்தில் குழந்தைக்கு எடுத்து வைக்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

எப்போது தொடங்குவது

முதல் 180 நாட்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன்பின் இணை உணவைத் தொடங்க வேண்டும், தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலுமோ தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாட்காட்டியோடு குழந்தையின் உடலையும் பார்க்க வேண்டும். கழுத்து உறுதியாக நிற்கிறதா, சற்றே தாங்கிப் பிடித்தால் உட்காருகிறதா, நாம் சாப்பிடும்போது தட்டை நோக்கிக் கையை நீட்டுகிறதா, கரண்டியில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். இவை தெரிந்தால் குழந்தை ஆயத்தமாகிவிட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு மாறும் என்பதால் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள்.

ஆறு மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போடுவதும் சரியன்று. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து பெற்றுச் சேமித்த இரும்புச்சத்து ஏறக்குறைய அந்த வயதில் தீர்ந்துபோகிறது, தாய்ப்பாலிலோ இரும்புச்சத்து மிகக் குறைவு. அதனால் சாத்திரத்துக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, பல் முளைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மசித்த உணவைக் குழந்தை ஈறுகளாலேயே நன்றாக மென்றுகொள்ளும்.

பருப்புத் தண்ணீர் வேண்டாம், பருப்பே வேண்டும்

தொடக்கத்தில் மிகவும் பரவலாக நடக்கும் பிழை, தண்ணீராகக் கொடுப்பது. பருப்பு வெந்த தெளிநீர், சோறு வடித்த கஞ்சி, காய்கறி வேகவைத்த தண்ணீர், ரசத்தின் தெளிவு ஆகியவற்றை, எளிதில் செரிக்கும் என்று நம்பி அன்போடு ஊட்டுகிறார்கள். இந்த வயதில் குழந்தையின் வயிறு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் அளவே கொள்ளும். எட்டுக் கிலோ குழந்தையின் வயிறு ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சிறிய இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் உணவு சட்டென்று வழிந்தோடாமல் தயங்கி விழ வேண்டும். அந்தக் கெட்டிதான் அளவுகோல்.

கெட்டியாக இருந்தால் விழுங்கச் சிரமப்படுமே என்ற கவலைக்கு நம் முன்னோரிடமே விடை இருந்தது. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி, சாதாரண மாவுக் கஞ்சியைவிட இளகலாக இருக்கும். முளைவிடும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைப்பதே அதற்குக் காரணம். அதே இளக்கத்தில் கூடுதல் மாவைச் சேர்க்கலாம், இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட்டும் முளைகட்டுவதால் குறைகிறது. நெய்யோ நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு தேக்கரண்டி சேர்த்தால், உணவின் அளவு கூடாமலேயே அதன் ஆற்றல் கூடும்.

அளவைப் பொறுத்தவரை, முதல் சில நாட்கள் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். எட்டு மாதத்துக்குள் 250 மி.லி. கிண்ணத்தில் பாதி வரை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதாம் மாதம் முதல் அதே அரைக் கிண்ணம் மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டி. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம். இவை பொதுவான வழிகாட்டி அளவுகள்தாம். எந்தக் குழந்தையும் எல்லா நாளும் ஒரே அளவு உண்பதில்லை.

எந்தக் கட்டத்தில் எடுத்து வைப்பது

முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சமையலிலும் உப்பு, புளி, மிளகாய் ஆகியவை சேரும் ஒரு கட்டம் உண்டு. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் குழந்தையின் கிண்ணத்தை அடுப்பருகே கொண்டுபோக வேண்டும்.

சாம்பார் வைக்கும் நாளில் துவரம்பருப்போடு பூசணி, கேரட், சௌசௌ, சுரைக்காய் என எந்தக் காயிருந்தாலும் மஞ்சளும் சிறிது பூண்டும் சேர்த்துக் குக்கரில் உப்பில்லாமல் வேகவிடுங்கள். மூடியைத் திறந்ததும் இரண்டு கரண்டி பருப்பையும் காயையும் எடுத்துவிட்டால், மீதியில் புளியும் சாம்பார்ப் பொடியும் சேர்த்து உங்கள் வேலையைத் தொடரலாம். எடுத்ததைக் குழைந்த சோற்றோடு பிசைந்து நெய் விட்டால் குழந்தையின் மதிய உணவு முடிந்தது. நம் சமையலில் குழந்தைக்கு மிகவும் பொருந்தியது கூட்டு என்றே சொல்வேன்; பாசிப்பருப்பும் காயும் தேங்காயும் சீரகமும் சேர்ந்த அந்த உணவில் பச்சை மிளகாயை மட்டும் பின்னால் தாளித்துக் கொட்டினால் போதும். கீரை மசியலில் உப்புப் போடும் முன், பொரியலில் காய் வெந்து தாளிப்பில் சேரும் முன், பொங்கலில் மிளகும் உப்பும் சேரும் முன் எடுத்து வையுங்கள்.

மீன் குழம்பு வைக்கும் நாளில் ஒரு துண்டை மட்டும் மஞ்சள் தடவி இட்லித் தட்டில் ஆவியில் வேகவைக்கலாம். கிழங்கான் போன்ற மென்மையான சதையுள்ள மீன் தொடக்கத்துக்கு நல்லது. வெந்த மீனை விரல்களுக்கிடையே உதிர்த்து, ஒருமுறைக்கு இருமுறை முள் தேடிய பின்பே சோற்றில் பிசையுங்கள். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கவென்று செய்யும் சுறாப்புட்டை அதே நினைவில் குழந்தைக்கும் ஊட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. முட்டையை மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தே, நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். வெள்ளைக்கருவுக்கு ஒரு வயது வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. கோழிக்கறியைக் குக்கரில் மிருதுவாக வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, அம்மியிலோ உரலிலோ இரண்டு நசுக்கு நசுக்கினால் பருப்புச் சோற்றோடு கலந்துவிடும்.

இட்லியும் இடியாப்பமும் ஆப்பத்தின் நடுப்பகுதியும் குழந்தைக்கென்றே அமைந்தவை போன்றவை. ஆனால் இட்லியை வெறுமனே கொடுத்தால் வாயில் மாவாக ஒட்டிக்கொள்ளும், பருப்பிலோ தயிரிலோ நனைத்துக் கொடுங்கள். சீரகம், பெருங்காயம், பூண்டு, கொத்தமல்லி, கறிவேப்பிலை முதலிய மணங்களுக்கு அஞ்ச வேண்டாம். தாய் உண்ணும் உணவின் மணங்கள் சில தாய்ப்பாலிலும் இறங்குகின்றன. ஆகவே உங்கள் அடுக்களை மணம் குழந்தைக்கு முற்றிலும் புதியதன்று.

மிக்சியை வைத்துவிட்டு மத்தை எடுங்கள்

என் மூத்த மகனுக்குப் பத்து மாதம் வரை எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்தே கொடுத்தேன். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம்தான் காரணம். அதன்பின் ஒரு சோற்றுப் பருக்கை தென்பட்டாலும் அவன் குமட்டினான். கட்டியுள்ள உணவைப் பழக்க ஏறக்குறைய அரையாண்டு ஆயிற்று, அந்த அரையாண்டு முழுவதும் ஒவ்வொரு வேளையும் எனக்குக் கண்ணீரோடு முடிந்தது. மகள் பிறந்தபோது கீரை கடையும் மத்தைத்தான் எடுத்தேன். மத்தால் கடைந்தால் உணவு மசியும், ஆனால் மாவாகாது. பருப்பும் காயும் தத்தம் உருவின் ஒரு சிறு பகுதியை வைத்துக்கொள்ளும். எத்தனை முறை கடைகிறோம் என்பதை மாற்றியே மாதத்துக்கு மாதம் பக்குவத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏழாம் மாதத்தில் மென்மையாக மசித்தது, எட்டாம் மாதத்தில் சிறு கட்டிகள் தென்படுவது, ஒன்பதாம் மாதத்தில் விரலால் நசுக்கினால் நசுங்கும் சிறு துண்டுகள் என்று நகர வேண்டும். ஒன்பது பத்து மாதத்துக்குள் கட்டியுள்ள உணவைப் பழக்காத குழந்தைகள் பிற்காலத்தில் உணவுக்கு அடம்பிடிப்பது கூடுதல் என்பது ஆய்வுகளிலும் தெரியவந்திருக்கிறது. எட்டு மாதமளவில் தானே எடுத்துத் தின்னவும் வாய்ப்புக் கொடுங்கள். வேகவைத்த கேரட்டை நீளவாக்கில் நறுக்கியது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஆவியில் வேகவைத்து நடுவிலுள்ள கறுப்பு விதைகளை நீக்கிய நேந்திரம்பழம், கனிந்த பப்பாளி, மிருதுவான தோசைத் துண்டு ஆகியவை கைக்கு அடங்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் நசுங்காத எதையும் அதன் கையில் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. புதிய பக்குவத்தைப் பழகும் குழந்தை அவ்வப்போது குமட்டும். கண் கலங்கும், இருமும், நாக்கை நீட்டி உணவை முன்னால் தள்ளும். அது குழந்தை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறை. சத்தம் இருக்கும்வரை காற்று போய்வருகிறது என்று பொருள். அருகில் இருந்தபடி அமைதியாகப் பார்த்துக்கொண்டிருங்கள். மூச்சடைப்பு வேறு. குழந்தையால் அழவும் முடியாது, இருமவும் முடியாது, முகமும் உதடும் நீலம் பாயும். உடனே ஒருவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின் மீது குப்புறப் படுக்கவைத்து, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்குமாறு தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். குழந்தை நினைவிழந்துவிட்டால், மார்பை அழுத்தி மூச்சும் கொடுக்கும் சி.பி.ஆர். (CPR) முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். இந்த முதலுதவியைப் படித்ததோடு நிறுத்தாமல், தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டியும் தாத்தாவும் கூட இருந்து கற்பது இன்னும் நல்லது.

முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பச்சைக் கேரட், தேங்காய்த் துண்டு, முறுக்கு, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் ஆகியவை சிறு குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். நுங்கு வழுக்கி உள்ளே போகும் பொருள் என்பதால் தோலுரித்து மசித்தே கொடுங்கள். படுத்தபடியும், தவழ்ந்து ஓடியபடியும், காரில் போகும்போதும் ஊட்ட வேண்டாம்.

வகைகள் எப்படி வந்து சேரும்

தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டைகளும், பாலும் தயிரும், இறைச்சியும் மீனும், முட்டை, மஞ்சள்-ஆரஞ்சு நிறப் பழங்களும் காய்களும் கீரையும், பிற காய்கனிகள் என எட்டு வகைகளைக் கணக்கிட்டு, அவற்றில் ஐந்தாவது ஒவ்வொரு நாளும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வரையறுத்திருக்கின்றன. காலையில் முட்டை மசித்த இட்லி, மதியம் பூசணிப் பருப்புச் சோறு, மாலையில் பப்பாளி, இரவில் தயிர்ச் சோறு, இடையிடையே தாய்ப்பால் என்றாலே ஐந்தைத் தாண்டிவிடும். ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவருக்கே போதுமான உணவு கிடைக்கிறது. வறுமைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் முட்டையும் கீரையும் சமைக்கிற வீட்டிலும் குழந்தைக்குத் தயிர்ச் சோறு மட்டுமே போய்ச் சேர்வதை நாம் பார்க்கிறோம் அல்லவா.

எல்லாவற்றிலும் நான் வற்புறுத்துவது இரும்புச்சத்து. அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எடைக்கு எடை பார்த்தால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதன் தந்தையைவிடக் கூடுதலாக இரும்புச்சத்து தேவை, பருப்புச் சோறு ஒன்றே அதை ஈடுகட்டாது. அசைவம் உண்ணும் வீட்டில் வாரம் ஒருமுறை சிறிதளவு ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ முழுமையாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால் அளவைக் கூட்ட வேண்டாம். சைவ வீட்டில் முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள் ஆகியவற்றோடு அதே வேளையில் எலுமிச்சைச் சாறு சில துளியோ, வெந்த தக்காளியோ, விதை நீக்கி மசித்த கொய்யாவோ சேர வேண்டும். வைட்டமின் சி இருந்தால்தான் தாவர உணவின் இரும்பு நன்றாக உடலில் சேரும். டீ அதைத் தடுக்கும் என்பதால் ஒரு சங்களவும் வேண்டாம். அரசின் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இருமுறை இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பெறுங்கள். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவும் நல்ல துணை. கொடுக்கும் அன்றே குழந்தையின் எடையையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேர்க்கடலை, முட்டை, மீன் போன்று ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவற்றைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு என்ற கருத்து இப்போது மாறியிருக்கிறது. ஒவ்வாமை வரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்த 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலையை உண்ணத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை மிகவும் குறைந்திருந்தது. வறுத்துத் தோல் நீக்கி மாவாக அரைத்த வேர்க்கடலையைக் கஞ்சியில் கால் தேக்கரண்டி கலந்து, பகல் நேரத்தில், குழந்தை நலமாக இருக்கும் நாளில் முதன்முறையாகக் கொடுத்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு இரைந்தாலோ, தடிப்புகளோடு வாந்தி தொடர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கடுமையான தோல் அரிப்புள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

துப்பினால்

புதிய சுவையைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து முறை ஆகலாம், சில குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல். முதல் முறை புடலங்காயைப் பார்த்து முகத்தைச் சுளித்தால், இவனுக்குப் புடலங்காய் பிடிக்காது என்று வீடே தீர்ப்பெழுதிவிடுகிறது. மூன்று நாள் கழித்து ஒரு விரல் நுனியளவு மீண்டும் வையுங்கள். தின்னாவிட்டாலும் தொட்டுப் பார்க்கட்டும், முகரட்டும், நீங்கள் அதையே தின்பதைப் பார்க்கட்டும். பாகற்காய்கூட இவ்வழியில் பழகும்.

என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். தலையைத் திருப்பினால், வாயை இறுக மூடினால், கரண்டியைத் தட்டிவிட்டால் போதும் என்று பொருள். மூக்கைப் பிடித்து ஊட்டிய வேளை அன்றோடு முடிவதில்லை. மறுநாள் கிண்ணத்தைப் பார்த்தாலே அழுகை தொடங்குகிறது. ஒரு வயதுக்கு மேல் பசி குறைந்ததுபோல் தோன்றுவதும் இயல்பு. முதல் ஆண்டில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது, இரண்டாம் ஆண்டிலோ இரண்டு இரண்டரைக் கிலோதான் ஏறும்; வளர்ச்சி மெதுவாகும்போது உணவும் குறைகிறது.

இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டி ஊட்டிய நம் பாட்டிகள் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்டினார்கள். கைப்பேசியில் படம் ஓடவிட்டு ஊட்டும்போது பேச்சும் நின்றுவிடுகிறது, வயிறு நிறைந்ததைக் குழந்தையும் உணர்வதில்லை. தரையில் பாயை விரித்து, குடும்பம் சாப்பிடும் நேரத்தில் கூடவே உட்காரவைத்து, அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சிந்தும், பூசிக்கொள்ளும், தலையில் தேய்த்துக்கொள்ளும். அதையெல்லாம் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

கொடுக்கக் கூடாதவை

பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் சேனை வழக்கம் இன்னும் பல ஊர்களில் உண்டு. தேனில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வித்துகள் இருக்கக்கூடும், சாதாரணமாகக் காய்ச்சினாலும் அவை அழிவதில்லை. ஒரு வயது வரை தேன் அறவே கூடாது. பசும்பாலை ஒரு வயதுக்குமுன் முக்கியப் பானமாகக் கொடுக்க வேண்டாம், தயிரும் சமையலில் சேரும் பாலும் தரலாம். ஒரு வயது வரை உப்பு, இரண்டு வயது வரை சர்க்கரை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். பாலில் ஊறவைத்த பிஸ்கட்டைக் குழந்தை ஆவலோடு தின்பது அதிலுள்ள சர்க்கரைக்காக. அதை உணவு வேளையாகக் கணக்கிடாதீர்கள்.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும்போது உணவை நிறுத்தாமல், தாய்ப்பாலைக் கூட்டி, பழகிய மென்மையான உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். நோய் தெளிந்தபின் இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும். சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து ஊட்ட வேண்டாம். ஊட்டும் முன் உங்கள் கையையும் குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாதங்கள் செல்லச் செல்ல, கிண்ணத்தை அடுப்பருகே கொண்டுபோகும் கட்டமும் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். முதலில் புளிக்கு முன் எடுத்தது, பத்து மாதத்தில் சிறிது புளி சேர்ந்த பின்னாகும். ஒரு வயதில் சிறிதளவு உப்பும் சேர்ந்த பின், மிளகாய்ப் பொடிக்கு முன் என்றாகும். ஒன்றரை வயதில் மிளகாயைக் குறைத்த அதே சாம்பாரைக் குடும்பம் முழுவதுமே பகிர்ந்துகொள்ளலாம். அந்த நாளில் குழந்தைக்கென்று எடுத்துவைத்த கிண்ணத்தைக் கழுவி அடுக்கில் ஏற்றிவிட்டு, உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு சிறு தட்டை வையுங்கள்.